வளைய வேண்டிய இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள சுண்டு,

நான் நலம். நீயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் நீ சொல்லும் 'நல்லா இருக்கேன்' எப்போதும் ஒரே சுருதியில் இருப்பதால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

என் காலுக்கு நீ செய்யும் புது பிரேஸைப் போட்டுக்கொண்டு எங்கெல்லாம் நடப்பாய் என்று போன வாரம் கேட்டாய். அத்தான் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "எங்க நடக்கப் போறா, நான்தான் தூக்கிட்டுப் போறேனே" என்று அவரே பதில் சொல்லிவிட்டார். நீயும் சிரித்தாய். அதனால் எழுதுகிறேன்.

சமையலறை. குளியலறை. துணி காயப்போடும் பால்கனி. எல்லாம் சமதரை. விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பிரேஸ் கனக்கிறது, உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது. கழற்றிவிட்டால் முன்பாதம் தொங்கித் தரையைத் தேய்க்கிறது. அளவுக்காகக் காலில் எடுத்த மாவு அச்சு பார்சலில் உடையாமல் வந்ததா? என் காலைத் தபாலில் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

இந்த வீடு நாலாவது மாடி. லிப்ட் கிடையாது. காற்று நன்றாக வருகிறது, அதற்காகத்தான் மாறினோம். பழைய அச்சகத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள், மறுபடி பிழை திருத்த வருகிறாயா என்று கேட்டு. அந்த வாரம்தான் இந்த வீடு அமைந்தது.

கீழே போக வேண்டுமென்றால் அத்தான் தூக்கிக்கொண்டு இறங்குவார். வழியில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். "கட்டினா இப்படி ஒருத்தரைக் கட்டணும்" என்பார்கள். மூன்றாம் மாடித் தையல்காரம்மா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. நான் அத்தான் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். நாலு மாடிச் சுவரும் இப்போது மனப்பாடம்.

உன் அறை எந்த மாடி? வெளிச்சம் வருமா? அந்தக் குறட்டை இன்னும் உன்னோடுதான் இருக்கிறானா?

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

எனக்குச் சளி. மற்றபடி சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

பிரேஸை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். முழுக்கக் கார்பன் இழை. ஆய்வுக்கூடத்தில் வெட்டி மிஞ்சிய துணிதான், யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்புத் துணி. பிசின். காற்றை உறிஞ்சி எடுக்கும் பை. அடுப்பு. காலையில் திறந்தால் உன் கால்.

சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

கொக்கு வந்தார். எங்கள் பேராசிரியர், ஒற்றைக்காலில் நின்றபடி யோசிப்பார், அதனால் கொக்கு. எடுத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"என்னடா, பாறாங்கல்லு மாதிரி பண்ணி வச்சிருக்க. உங்க அக்கா மாடிப்படி ஏறி எறங்க மாட்டாங்கல்ல?"

"இல்ல சார். வீட்டுக்குள்ள மட்டும்தான்."

"அப்ப சரி."

கார்பன் அப்படித்தான். விறைப்பு. எடையே இல்லை. நீளச் சொன்னால் நீளாது. முறிகிற கணம் வரைக்கும் முறியப்போவதாகக் காட்டிக்கொள்ளாது. சமதரைக்கு இது தாராளம்.

அத்தான் மாதிரி ஒருவர் உனக்கு அமைந்தது பெரிய நிம்மதி. நான் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இந்தக் கால் தகடுதான் அனுப்ப முடியும்.

சுண்டு


ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டு,

சளிக்கு வெந்நீர் குடி. நான் சுகம், என் கால் அதைவிடச் சுகம்.

கச்சிதமாகப் பொருந்துகிறது. வண்டின் முதுகு மாதிரி பளபளவென்று இருக்கிறது. போட்டிருப்பதே தெரியவில்லை. முக்கியமாக, சத்தம் இல்லை. பழையதைப் போட்டு நடந்தால் டக், சர்ர், டக், சர்ர் என்று கேட்கும். இப்போது பூனை.

அத்தானுக்குத்தான் பழகவில்லை. நேற்று மருந்துக்கடையிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் போய் நின்றதும் திடுக்கிட்டார். "நீ எங்க இருக்கேன்னே தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் சத்தம் போட்டு நடயேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உன் கடிதத்தில் காற்புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி. மூச்சு வாங்குகிறவன் எழுதியதுபோல் இருக்கிறது. அறையைப் பற்றிக் கேட்டிருந்தேனே. உங்கள் பக்கம் பெண்கள் தங்க இடங்கள் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 20

சுண்டு,

நலமா? இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரேஸ் உடைந்துவிட்டது. துண்டுகளை இதோடு அனுப்புகிறேன். சமையலறையில் தண்ணீர் கொட்டியிருந்தது, வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டில் கட்டு. வேறு ஒன்றுமில்லை.

வேறொன்று செய்ய முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்கா,

கை எப்படி இருக்கிறது? போன் செய்தேன். நீ தூங்குவதாக அத்தான் சொன்னார். மறுநாளும் தூங்கினாய்.

உடைந்த இடத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் பட்டைதான் முறிந்திருக்கிறது. உள்பக்க இழைகள் நசுங்கியிருக்கின்றன. வெளிப்பக்க இழைகள் இழுபட்டு அறுந்திருக்கின்றன. அதாவது பட்டை முன்னோக்கி மடங்கியிருக்கிறது.

ஈரத்தரையில் வழுக்கினால் பாதம் முன்னால் ஓடும். பட்டை பின்னோக்கி மடங்கும். நேர் எதிர்.

முன்னோக்கி அவ்வளவு மடங்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. இந்தக் கால் மேல்படியில் நிற்க, மற்றக் கால் கீழ்ப்படியைத் தேடி இறங்குவது. அதற்கும் உன் எடை மட்டும் போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிறைந்த பை அளவுக்குக் கூடுதல் பாரம் வேண்டும். அடித்தகட்டின் ஓரத்தில் சிமெண்ட் கீறலும் இருக்கிறது.

அக்கா, இது சமையலறையில் உடையவில்லை. நீ படியில் இறங்கியிருக்கிறாய். கையில் பாரம் இருந்திருக்கிறது.

நான் தரைக்குச் செய்தேன். நீ சொன்ன தரைக்கு. படி என்றால் எத்தனை படி, படிக்கு என்ன உயரம், எந்த இடத்தில் உடைந்தது, இதெல்லாம் எழுது. திருத்திவிடலாம்.

சுண்டு


ஜூலை 19

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். உங்கள் அக்காவும் நானும் இங்கே சௌக்கியம். கடையில் காய்ச்சல் மாத்திரைக்குக் கூட்டம், அதனால் பதில் எழுதத் தாமதம். உடம்பைக் கவனித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. ஒரு கையால் அவளுக்கு உறையைப் பிரிக்க முடியாதல்லவா, நான்தான் பிரித்து வாசித்துக் காட்டினேன். விஞ்ஞானி கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பேசிச் சிரித்துக்கொண்டோம். என்னிடமும் சமையலறை என்றுதான் சொல்லியிருந்தாள். நான் கடையில் இருந்தபோது நடந்தது. தையல்காரம்மா மேலே கூட்டிவந்து விட்டிருக்கிறாள்.

பை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். துணி தைக்கக் கொடுக்கப் போனாளாம். என்னிடம் சொல்லியிருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே. பிடிவாதக்காரி, உங்களுக்குத் தெரியாததா?

இனி எதுவும் செய்து அனுப்ப வேண்டாம். உங்கள் படிப்புக்கு இடைஞ்சல். பழைய பிளாஸ்டிக் பிரேஸையும் நேற்றுக் குப்பையில் போட்டுவிட்டேன். இருந்தால் மறுபடி எதையாவது முயற்சி செய்வாள், மறுபடி விழுவாள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தால் போதும். வெளியே போக நான் இருக்கிறேன்.

சிலர் இந்த மாதிரி வீடுகளில் பூட்டிவிட்டுப் போவார்கள். நான் கதவைப் பூட்டுவதே இல்லை. அவள் என்ன கைதியா?

நல்ல மதிப்பெண் எடுங்கள்.

அத்தான்


ஆகஸ்ட் 25

சுண்டு,

நலமாக இரு. கட்டுப் பிரித்தாயிற்று. இது வலது கை.

உன் கடிதத்தை அவர் உரக்க வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. நசுங்கிய இழை, அறுந்த இழை எல்லாம் நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'நிறைந்த பை' வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார், கையில் கட்டு என்பதால்.

நீ கண்டுபிடித்தது சரி. ஒன்றும் விட்டுப்போகவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்டியபோது உடைந்தது. பையில் என் துணியும் பழைய அகராதியும். அகராதிதான் கனம்.

எத்தனை படி என்று கேட்டாய். என்ன உயரம் என்று கேட்டாய். இன்னொன்று கேட்டிருக்கலாம்.

தையல்காரம்மா தினமும் மேலே வருகிறாள், அவர் கடைக்குப் போன பிறகு. "புருஷன் தூக்கிட்டுப் போறதெல்லாம் சினிமாவுல நல்லாத்தான் இருக்கும்டி. மூட்டையக்கூட ஒரு எடத்துல எறக்கி வைப்பாங்க" என்கிறாள். அவள் மகனிடம் சொல்லிப் படியை அளந்துவிட்டாள். உயரம் ஒரு சாண், அகலம் அதைவிடக் கொஞ்சம் கூட. சில படிகளில் ஓரம் உடைந்திருக்கிறது. கைப்பிடி இடது பக்கம்.

செய். படிக்குச் செய். நாலு மாடி, பையோடு. மாவு அச்சை வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இனி தையல்காரம்மா பெயருக்கு எழுது. முகவரி பின்பக்கம்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

உன் கை முழுக்கத் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கண்ணாடி இழையின் தூள். குளித்தாலும் போகாது.

அத்தான் உரக்க வாசித்த அந்தக் கடிதத்தை நான் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல வந்தேன். அது பொய். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எழுதினேன்.

சரி. தகடு.

இந்தத் தடவை கார்பனோடு கண்ணாடி இழையும். கண்ணாடி மலிவு, கொஞ்சம் கனம், கொஞ்சம் தளர்வு. ஆனால் நீளும். கார்பன் முறியும் இடத்தையும் தாண்டி நீளும். நெய்த துணியாக இருக்கும்போது வெள்ளை. பிசினில் ஊறியதும் காணாமல் போய்விடும். அங்கேதான் இருக்கும், தெரியாது.

முதல் முயற்சி கெட்டுப்போனது. ஒரு பக்கம் கார்பன், மறுபக்கம் கண்ணாடி என்று அடுக்கினேன். அடுப்புக்குள் நேராக இருந்தது. ஆறியதும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. கண்ணாடி சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். கார்பன் இரண்டுமே செய்யாது. ஒன்று இழுக்க, மற்றது அசையாமல் நிற்க.

கொக்கு பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் ஒரே அடுப்புல வச்சுட்டா ஒத்துப்போயிடுவாங்கன்னு நெனச்சியா? கல்யாணத் தரகரா நீ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

அடுக்கின் பாதியை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் மறுபாதி தெரிய வேண்டும். அதுதான் விதி. வெளியே கண்ணாடி இழை, அடுத்து மெல்லிய கார்பன், நடுவே கண்ணாடி, பிறகு கார்பன், கண்ணாடி. இப்போது நேராக நிற்கிறது. கணுக்காலுக்குப் பின்னால் மட்டும் கார்பனைக் குறைத்துவிட்டேன். அங்கே வளைய வேண்டும். போன தடவை அந்த இடத்தைத்தான் எல்லாவற்றையும்விட விறைப்பாகச் செய்திருந்தேன்.

பாரம் கூடினால் கார்பன்தான் முதலில் முறியும். ஆனால் ஒரேயடியாக இல்லை. சின்னச் சின்னதாக, பல இடங்களில். சுற்றியுள்ள கண்ணாடி பிடித்துக்கொள்ளும். வெள்ளைக் கோடுகள் தெரியும், சடசடவென்று சத்தம் கேட்கும். கேட்ட பிறகும் பிடித்திருக்கும். வீடு போய்ச் சேர நேரம் இருக்கும்.

இயந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்த்தேன், நாலு மாடி இறங்குவதுபோல, ஏறுவதுபோல, மறுபடி மறுபடி. பகல் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அறையைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன்.

சுண்டு


நவம்பர் 8

அன்புள்ள சுண்டு,

அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. நான் நலம். ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த வார்த்தையை யோசித்து எழுதுகிறேன்.

தகடு தையல்காரம்மா வீட்டில் இருக்கிறது. காலையில் அவர் போனதும் துணி மூட்டைக்குள் வைத்து மேலே கொண்டுவருவாள். முதலில் ஒரு மாடி இறங்கி ஏறினேன். அடுத்த வாரம் இரண்டு. கால் முன்னால் சாயும்போது அது கூடவே சாய்ந்து, பிறகு மெல்லத் தூக்கிவிடுகிறது. சொன்னால் கேட்கிற மாதிரி.

நேற்று தெருவரைக்கும் இறங்கினேன். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒரு பெட்டிக்கடை, ஒரு சைக்கிள், குடத்தோடு ஒரு பெண். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி ஏறிவந்துவிட்டேன். சாயங்காலம் அவர், "ஏன் இப்படிக் களைச்சிருக்க? ரொம்ப நேரம் நின்னியா?" என்று காலைப் பிடித்துவிட்டார்.

ஏன் திரும்பினேன் என்று தையல்காரம்மா திட்டினாள். வீடு போய்ச் சேர நேரம் இருக்கும் என்று எழுதியிருந்தாயே, எந்த வீடு என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னை அடித்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? என்னை ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றா?

ஜூனில் நான் உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு உன் ஊருக்குப் பேருந்து. சொல்லிவிட்டு வந்தால் நீ அத்தானிடம் கேட்பாய் என்று சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். வரட்டுமா? ஒரு வார்த்தை போதும். இல்லை என்றாலும் வருத்தப்பட மாட்டேன். பதில் இல்லாமல் இருக்காதே.

அக்கா


நவம்பர் 19

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

அறை ஐந்தாவது மாடி. ஆண்கள் விடுதி. மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய். குறட்டை அங்கேதான் இருக்கிறான். நீ ஒவ்வொரு தடவை கேட்டபோதும் இதை எழுத உட்கார்ந்தேன். தகட்டைப் பற்றி எழுதி முடித்தேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம். ஆய்வேடு மே மாதம் முடியும். அதற்குப் பிறகு கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்க்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியுமா? விடுதியை விட்டால் உதவித்தொகை நின்றுவிடும். கொக்கு வேறு அடுத்த மாதம் வெளிநாடு போகிறார், அவர் கையெழுத்து இல்லாமல் நான் நகர முடியாது.

அத்தானிடம் ஒரு தடவை மனம்விட்டுப் பேசிப் பார்த்தாயா? அவர் புரிந்துகொள்ளாதவர் இல்லை.

இதைத் திரும்பப் படித்தேன். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேறு எதுவும் வரவில்லை. அனுப்புகிறேன்.

மே.

சுண்டு


டிசம்பர் 11

அன்புள்ள சுண்டு,

சுகம். நீயும் சுகமாக இரு, இது நிஜமாகவே சொல்வது.

உன் கடிதம் வந்த அன்று தையல்காரம்மா வீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். அவளும் கேட்டாள். முடிந்ததும், "சரி, அவனும் ஒரு மாடியில மாட்டிக்கிட்டுத்தான் கெடக்கான்" என்றாள். அதற்குமேல் உன்னைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மறுநாள் அச்சகத்தைத் தேடிப் பேருந்து ஏறி அவளே போய்க் கேட்டாள். முதலாளி என்னை மறக்கவில்லை. பிழைகள் மலிந்துவிட்டன என்று அழாத குறையாகச் சொன்னாராம். அச்சகம் இப்போது வேறு ஊருக்கு மாறிவிட்டது. அதற்குப் பின்னால் காகிதக் கட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, தலைக்குமேல் ஒரு விளக்கு. பகலெல்லாம் இயந்திரச் சத்தம். என் காலடி எனக்கே கேட்பதில்லை.

கிளம்பியது வெள்ளிக்கிழமை. பையோடு. அகராதியோடு. முதல் மாடிப் பெண்மணி கதவைத் திறந்து, "என்னம்மா தனியா? அவர் எங்க?" என்றாள். "கடையில" என்றேன். பின்னால் வந்த தையல்காரம்மா, "ஏன், நீங்க தூக்கிட்டு வரப் போறீங்களா?" என்றாள். கதவு மூடிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் எனக்குக் கெடுதல் செய்யவில்லை, நான் நடக்கப் போகிறேன் என்று. பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அவர் முதலில் உனக்குத்தான் எழுதுவார். அன்பாக எழுதுவார். இந்த முகவரியைக் கொடுத்துவிடாதே. உனக்குப் பொய் வராது, எனக்குத் தெரியும். பொய் சொல்ல வேண்டாம். கண்ணாடி இழையைப் பற்றி எழுது. அது உனக்கு வரும். அதைத் தாண்டி யாரும் உன்னிடம் ஒன்றும் வாங்கிவிட முடியாது.

மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு முட்டினால் நீ இங்கே வா. இடம் இருக்கிறது.

அக்கா


டிசம்பர் 29

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. அது நிஜம்.

அக்கா எங்கே என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தகட்டை வைத்துக்கொண்டு இறங்கினாள் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

அது இரண்டு வகை இழைகளால் ஆனது. ஒன்று கார்பன். நன்றாகத் தாங்கும், உறுதியானது, பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஆனால் தன்னோடு ஒட்டியிருப்பதை அசைய விடாது. கண்ணாடி இழை அப்படி இல்லை. அது விட்டுக்கொடுக்கும், நீளும், பிசினுக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். பலவீனம் என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தகட்டில் அதைச் சேர்க்கவில்லை. பாரம் ஒரு அளவைத் தாண்டும்போது முதலில் முறிவது கார்பன். கடைசிவரை பிடித்து நிற்பது மற்றது. இதைச் சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். எத்தனை அடுக்கு, எந்தக் கோணம், எவ்வளவு சூடு என்று விவரமாக வேண்டுமானால் எழுதுகிறேன். நாலு பக்கம் வரும். இன்னும் வேண்டுமென்றால் எட்டுப் பக்கம்.

நான் விடுதியைக் காலி செய்கிறேன். அதனால் இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம்.

நீங்கள் கேட்டதில் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மாடி ஏறுகிறீர்கள். இனி வெறுங்கையோடு ஏறலாம், முதுகுவலி குறையும்.

இப்படிக்கு,
மைத்துனன்